நாகையில் அன்று தண்ணீர் எப்படி வந்தது? பார்த்தவர்கள் எழுதுங்கள்

கடுவையாறு (நாகப்பட்டினம்)

இந்த வருடம் சுனாமி நினைவு நாளில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளைப் பேச வைத்தோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "கடல் உள்வாங்கினால் சுனாமி வரப்போகிறது என்று அர்த்தம், உடனே ஓட வேண்டும்" என்று கணீரென்று சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவன் கீச்சாங்குப்பத்துப் பையன். 2004-இல் அவன் ஊரில் கடல் முதலில் உள்வாங்கவில்லை, ஏறித்தான் வந்தது. உள்வாங்கட்டும், அப்புறம் ஓடலாம் என்று அந்தப் பிள்ளை நின்றுவிட்டால்? அன்றிலிருந்து இந்த நினைப்பு என்னை விடவில்லை.

பொதுவான விவரம் எல்லோருக்கும் தெரியும். 2004 டிசம்பர் 26, ஞாயிறு, பௌர்ணமி நாள். காலை 6.28-க்கு சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் நிலநடுக்கம். அளவு 9.1-க்குக் குறையாது. பிளந்த பகுதி மட்டும் 1,200 கிலோமீட்டருக்கு மேல், சுமத்ராவில் தொடங்கி அந்தமான் வரை. நாகையைத் தண்ணீர் அடித்தபோது மணி 9-ஐத் தாண்டியிருந்தது. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தும் கரையில் நின்ற ஒருவருக்கும் தகவல் வரவில்லை. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அதில் 6,000-க்கும் மேல் நாகை மாவட்டத்தில் மட்டும்.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் வந்துவிட்டது. எனக்கு வேண்டியது நீங்கள் கண்ணால் கண்டது. எங்கே நின்றீர்கள், முதல் தண்ணீர் எவ்வளவு உயரம், எந்தப் பக்கமிருந்து வந்தது, அடுத்தது வருவதற்குள் என்ன நடந்தது. கேள்விப்பட்டதை எழுத வேண்டாம். பார்த்தவர்களில் பலர் இப்போது இல்லை. இருப்பவர்கள் சொல்லிவிடுங்கள்.

அக்கரைப்பேட்டை 2006

வணக்கம் சார். என் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். கீழே "நான்" என்று வருவது அம்மா.

மீன் எடுக்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூடையில் சங்கராவும் கொஞ்சம் காரப்பொடியும் போட்டு வைத்திருந்தேன். முதலில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. அலை மாதிரி மடிந்து விழவில்லை. பால் பொங்குவது போலக் கரை முழுக்க ஒரே மட்டமாக ஏறியது. எனக்குப் பயம் கொடுத்தது அதன் நிறம்தான். கறுப்பு. அடிச்சேறு முழுவதும் அதில் இருந்தது. முட்டி வரைக்கும் வந்ததும் பொம்பளைகள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். ஆம்பளைகள் படகைக் கட்டவும் வலையை இழுத்துப் போடவும் கடல் பக்கம் ஓடினார்கள். ஒரு செட்டு வலை என்ன விலை என்று மீன்பிடிக்கிற வீட்டில் கேட்டுப் பாருங்கள், ஏன் ஓடினார்கள் என்று புரியும்.

அப்புறம் தண்ணீர் திரும்பிப் போனது. வந்ததைவிட வேகமாகப் போனது. காலுக்கடியில் மணலை உருவிக்கொண்டு போனது. "அவ்வளவுதான், போயிடுச்சு" என்று நிறையப் பேர் நின்றுவிட்டார்கள். வடிந்த இடத்தில் மீன் துள்ளிக்கொண்டு கிடந்தது, பிள்ளைகள் பொறுக்கப் போனார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன். மகளும் மகனும் மாமியாரிடம் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பள்ளிக்கூடம் இல்லை.

தெருமுனை வந்தபோது இரைச்சல் கேட்டது. பனைமர உயரம் வந்தது என்று பலரும் சொல்கிறார்கள். நான் உயரத்தைப் பார்க்கவில்லை. எங்கள் சந்தில் கடல் பக்கமிருந்து ஒரு தண்ணீர் வந்தது, ஆற்றுப் பக்கமிருந்து இன்னொரு தண்ணீர் வந்தது. இரண்டும் மோதிய இடத்தில் நான் இருந்தேன். சுவர், கட்டில், படகு எல்லாம் சுழன்றது. என் புடவை சீமைக்கருவை முள்ளில் மாட்டிக்கொண்டதால் கடலுக்குள் போகாமல் அங்கேயே தொங்கினேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் புடவை மாட்டியது. அவர் தலை தண்ணீருக்குள் இருந்துவிட்டது.

மாமியாரையும் மகனையும் அன்று சாயங்காலம் பார்த்தேன். மகளை மூன்றாவது நாள் கண்டுபிடித்தார்கள். எனக்குக் காட்டவில்லை.

இனி நான், மகன். அம்மா இரண்டு பிள்ளைகளோடு குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டவர். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுக்குக் குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்ய ஏற்பாடு செய்தது. அதற்குப் பிறகு பிறந்தவன் நான். எங்கள் ஊரில் என் வயதுப் பசங்களில் என்னைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். அக்காவின் போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் எப்படி இருப்பார் என்று கேட்டால் அம்மா என் முகத்தைத்தான் காட்டுவார்.

கடுவையாறு (நாகப்பட்டினம்)

தம்பி, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். ஆற்றுப் பக்கமிருந்தும் தண்ணீர் வந்தது என்று அவர் சொன்னதைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். அக்கரைப்பேட்டைக்கும் கீச்சாங்குப்பத்துக்கும் கிழக்கே கடல், வடக்கே கடுவையாறு. கடலுக்கு முதுகைக் காட்டி ஓடினால் போதும் என்று நினைத்தவர்களை ஆறு வழிமறித்தது. முகத்துவாரம் வழியாக ஏறிய தண்ணீர் ஊரின் பின்பக்கமாக வந்துவிட்டது. விசைப்படகுகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலத்தில் மோதி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதும் அதே தண்ணீர்தான். நாகை டவுனுக்குப் போகிற வழியே அந்தப் பாலம்தான் என்பதை வெளியூர்க்காரர்கள் நினைவில் வைத்துப் படியுங்கள்.

நம்பியார் நகர் ஃபைபர் போட்

அண்ணே, நான் கரையில் இல்லை, கடலில் இருந்தேன். ஆனாலும் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

விடியற்காலை மூன்று மணிக்குப் போனோம், போட்டில் நாலு பேர். பன்னிரண்டு பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழத்தில் வலை விட்டிருந்தோம். பௌர்ணமி வெள்ளம் என்பதால் நீரோட்டம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும் என்று தெரியும். ஆனால் அன்று காலை வலை இழுத்த இழுப்பு வேறு. கரைப்பக்கம் இழுத்தது, கொஞ்ச நேரத்தில் அப்படியே திரும்பி வெளிப்பக்கம் இழுத்தது. போட்டு ஒருமுறை ஏறி இறங்கியதா என்றால் சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. மேலே காற்று இல்லை, வானம் பளிச்சென்று இருந்தது. தண்ணீர் மட்டும் கலங்கிக்கொண்டே வந்தது. எங்களோடு வந்த பெரியவர் 1977 புயலைப் பார்த்தவர். அவர்தான், "இது புயல் தண்ணி இல்ல, வலை மடிய எடுங்கடா" என்றார்.

கரைக்குத் திரும்பும்போது முதலில் கீற்றும் மூங்கிலும் மிதந்து வந்தன. எங்கேயோ கூரை பிய்ந்திருக்கிறது என்று பேசிக்கொண்டோம். அப்புறம் கேஸ் சிலிண்டர், பீரோ கதவு, பிளாஸ்டிக் குடம், பள்ளிக்கூடப் பை. அப்புறம் ஆட்கள். கேனைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் வந்தான். அவனைத் தூக்கிப் போட்டோம். அவனால் பேச முடியவில்லை. பக்கத்துப் போட்டில் ஒருவரிடம் செல்போன் இருந்தது, கரை நெருங்கியதும் யாரோ பேசியிருக்கிறார்கள். "ஊரு போச்சுடா" என்று அங்கிருந்து கத்தினார். எங்கள் போட்டில் மூன்று பேர் உடனே கரைக்கு விடச் சொன்னார்கள். பெரியவர் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டார். "இன்னும் தண்ணி ஓடுது பாரு, இப்ப போனா நாமளும் போவோம்." தன் வீடும் அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்துதான் அவர் அதைச் சொன்னார். அவரைத் திட்டினோம், அழுதோம், நின்றோம். கரையை அடிக்கிற தண்ணீர் ஒன்றோடு நிற்கவில்லை, மத்தியானம் வரைக்கும் வந்து வந்து போனது. எங்களுக்கு முன்னால் அவசரமாகப் போன போட்டுகளில் சில கற்களில் அடித்து உடைந்தன.

கலங்கரை விளக்கம் நின்றது, அதை வைத்துத்தான் எங்கள் ஊர் எது என்று அடையாளம் பிடித்தோம். படகு ஏற்றுகிற இடத்தில் படகும் இல்லை, இடமும் இல்லை. என் அம்மா அங்கேதான் கருவாடு காயப் போடுவார். அன்றைக்கும் போட்டிருந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் இதைப் பேசுவதில்லை. உடலைத் தின்ற மீன் என்று ஊரெல்லாம் பேச்சு. மீனைத் தொடக்கூட ஆள் இல்லை. படகு கிடைத்த பிறகும் வெகுநாள் நாங்கள் கடலுக்குப் போகவில்லை. போனாலும் விற்காது என்பது ஒரு காரணம். கடலைப் பார்த்தால் கால் நடுங்கியது இன்னொரு காரணம். பிறந்ததிலிருந்து கடலில் கிடந்தவனுக்கு அப்படி ஆகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

திருச்சி அம்மு

நாங்கள் கிறிஸ்துமஸ் முடிந்து வேளாங்கண்ணியில் தங்கியிருந்தோம். காலைப் பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்த நேரம். பாதிப் பேர் கடலுக்குக் குளிக்கப் போனார்கள். கோயிலிலிருந்து கடலுக்குப் போகிற வழி நெடுகக் கடைகள், மெழுகுவத்தி, சிப்பி மாலை, பொரி. நான் குழந்தைக்குச் செருப்பு வாங்கக் கடையில் நின்றேன், என் கணவரும் தம்பியும் முன்னால் போய்விட்டார்கள். கூட்டம் திரும்பி ஓடிவருவதைப் பார்த்துத்தான் நானும் ஓடினேன். தண்ணீரைப் பார்த்து ஓடவில்லை. குழந்தையோடு கோயில் பக்கம் ஏறிவிட்டேன். கணவர் தப்பித்தார், தம்பி இல்லை. கடைக்காரர் பெண் ஒருவர் தன் கடையை விட்டுவிட்டு என் குழந்தையை வாங்கித் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் முகம் நன்றாக நினைவிருக்கிறது. பிறகு பலமுறை போய்த் தேடினேன், அவரைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கடை வரிசையே இல்லை.

இவ்வளவுதான் என்னால் எழுத முடிகிறது.

நாகூர்வாசி

எங்கள் பக்கம் சில்லடிக் கடற்கரையில் நின்று பார்த்தவர்களும் முதலில் தண்ணீர் ஏறியதைத்தான் சொல்கிறார்கள். கடுவையாறு சார் கேட்டதற்கு அது பதில். நான் பார்த்தது அதற்குப் பிறகு உள்ளது.

மத்தியானத்துக்குள் தர்காவைச் சுற்றி ஆட்கள் நிரம்பிவிட்டார்கள். மீனவக் குடும்பங்கள்தான் அதிகம். பெரிய தேக்சாக்களில் சோறு ஏறியது. யார், எந்த ஊர், எந்த மதம் என்று கேட்க நேரமும் இல்லை, அப்படி ஒரு எண்ணமும் யாருக்கும் வரவில்லை. இரவில் ஆட்கள் தர்கா வளாகத்திலேயே படுத்தார்கள். உடல்களை அடக்கம் செய்ய இடம் பற்றாமல் போனபோது தர்காவுக்குச் சொந்தமான நிலம் திறந்துவிடப்பட்டது. எங்கள் பையன்கள் குழி வெட்டினார்கள். இந்துவா, கிறிஸ்தவரா, முஸ்லிமா என்று தெரியாத உடல்களை எங்கள் ஆட்கள் தங்களுக்குத் தெரிந்த துஆவைச் சொல்லி இறக்கினார்கள். பக்கத்தில் ஒரு ஐயா நின்றுகொண்டு தனக்குத் தெரிந்த தேவாரத்தை முணுமுணுத்தார். நான் நேரில் கேட்டேன்.

வடக்கே பரங்கிப்பேட்டையிலும் ஜமாஅத்தார் இப்படித்தான் ஊர் ஊராகச் சோறு கொண்டுபோனார்கள் என்று அங்கிருந்து வந்த என் மாமா சொன்னார்.

துப்புரவு (வேறு மாவட்டம்)

நான் நாகைக்காரன் இல்லை. இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். அந்த மண்ணில் நான் புதைத்த உடல்களைக் கணக்கில் எடுத்தால் எழுதலாம் என்று தோன்றுகிறது.

அப்போது நான் ஒரு நகராட்சியில் துப்புரவுப் பணியாளன். பல ஊர்களிலிருந்தும் எங்களை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். எங்கே போகிறோம் என்று சொன்னார்கள், என்ன வேலை என்று சொல்லவில்லை. வந்து இறங்கியதும் நாற்றம் சொல்லிவிட்டது. முதல் நாள் கையுறை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினோம். கருவைக் காட்டுக்குள் இருக்கிற உடலை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதைச் செய்தவனுக்குத்தான் தெரியும். இழுத்தால் தோல் கையோடு வரும். ஆகவே முள்ளை ஒவ்வொன்றாக வெட்டி, போர்வையை அடியில் செருகித் தூக்குவோம். அதற்கு நேரம் ஆகும். பொக்லைன் ஒரு பக்கம் குழி தோண்டும், ஒருவர் பிளீச்சிங் பவுடர் தூவுவார்.

அடையாளம் தெரியாத உடலைப் போட்டோ எடுத்த பிறகுதான் இறக்குவோம். போட்டோ எடுக்க ஆள் வர நேரமாகும்போது நானே கையில் இருக்கிற வளையல், இடுப்பில் இருக்கிற தாயத்து, சட்டை நிறம் இதெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் ஒன்பதாவது வரை படித்தவன். பிற்பாடு ஒரு அப்பா வந்து, "சிவப்புப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, பார்த்தீங்களா" என்று கேட்டார். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் அவருக்கு இடத்தைக் காட்ட முடிந்தது. ஒரே குழியில் பலர். "இந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினேன். அவர் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ரோட்டோரம் எங்கே பார்த்தாலும் பழைய துணி மலை மலையாகக் கிடந்தது. நாடு முழுவதும் இருந்து அனுப்பியது. நல்ல மனதோடு கொடுத்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டோடு எல்லாம் போனவர்கள் ஒருவரும் அதைத் தொடவில்லை, கடைசியில் அதை வாரியதும் நாங்கள்தான்.

ஊருக்குத் திரும்பிய பிறகு சில வாரங்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்களை அனுப்பிய அலுவலகத்தில் ஒருவரும் கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. வருடா வருடம் டிசம்பர் 26-ஆம் தேதி கடலில் பால் ஊற்றுவதை டிவியில் காட்டுகிறார்கள். அப்போது எங்களையும் ஒரு வார்த்தை சொல்லலாம். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

அக்கரைப்பேட்டை 2006

அண்ணே, உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் ஊர் எது என்று கேட்கிறார். ஒருநாள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகச் சொல்கிறார். கட்டாயம் வர வேண்டுமாம்.

அலைமானி (சென்னை)

கடுவையாறு ஐயாவின் கேள்விக்கு அறிவியல் பக்கமிருந்து கொஞ்சம் சொல்கிறேன். கல்லூரியில் நிலவியல் நடத்தியவன்.

அன்று சுமத்ராவுக்கு அப்பால் இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் செருகும் இடத்தில் வெடிப்பு நிகழ்ந்தது. அதுவரை சிக்கிக்கொண்டு வளைந்திருந்த கடலடித் தரை விடுபட்டபோது மேற்குப் பக்கம் சில மீட்டர் உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. தரை உயர்ந்த பக்கத்தில் தண்ணீர் மேடாகும், தாழ்ந்த பக்கத்தில் பள்ளமாகும். மேடு மேற்கு நோக்கி நம்மிடமும் இலங்கையிடமும் வந்தது. பள்ளம் கிழக்கு நோக்கித் தாய்லாந்துக்குப் போனது. அதனால்தான் தாய்லாந்துக் கடற்கரையில் கடல் முதலில் வெகுதூரம் வற்றியது. நம் பக்கம் ஏறியது. சென்னை, விசாகப்பட்டினம் துறைமுகங்களில் இருந்த அலைமானிகளும் (கடல் மட்டம் ஏறி இறங்குவதைப் பதியும் கருவிகள்) முதல் அசைவை மேல்நோக்கித்தான் பதிவு செய்திருக்கின்றன. மாமல்லபுரத்தில் பாறைகள் வெளியே தெரியும் அளவுக்குக் கடல் பின்வாங்கியதைப் பலரும் பார்த்தார்கள். நம் கரையில் அப்படிப் பார்த்தது முதல் ஏற்றத்துக்கும் அடுத்த பெரிய அலைக்கும் இடைப்பட்ட நேரத்து உள்வாங்கல். அக்கரைப்பேட்டை அம்மா சொன்னது அச்சாக அதுதான். படிக்காதவர் என்று தம்பி எழுதியிருக்கிறார். நான் வகுப்பில் ஒருமணி நேரம் விளக்கியதை அவர் ஒரு பத்தியில் சொல்லிவிட்டார்.

ஃபைபர் போட் நண்பருக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. நாலாயிரம் மீட்டர் ஆழமுள்ள கடலில் இந்த அலை மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஆனால் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைவெளி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருப்பதால், மேலே இருக்கும் படகு ஏறுவதும் இறங்குவதும் உணர முடியாத மெதுவில் நடக்கும். கரையை நெருங்க நெருங்க ஆழம் குறையும், முன்னால் போகும் தண்ணீர் தயங்கும், பின்னால் வருவது அதன்மேல் ஏறும். அவர் இருந்த பன்னிரண்டு பாகத்தில் உயரத்தைவிட இழுப்புத்தான் முதலில் தெரியும். அவர் சரியாகத்தான் கவனித்திருக்கிறார். நாகைப் பகுதியில் தண்ணீர் எட்டிய உயரம் பொதுவாக 4 முதல் 5 மீட்டர் என்று அளந்தார்கள். பனைமர உயரம் கிடையாது. ஆனால் சேறும் படகும் மரமும் கலந்த 4 மீட்டர் தண்ணீருக்கு முன்னால் கூரை வீடு என்ன செய்யும்?

ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. நாகைக்கு இது முதல் தடவை இல்லை. 1881 டிசம்பர் 31-இல் கார் நிக்கோபார் அருகே நிலநடுக்கம் ஏற்பட்டு, அதன் அலை நாகப்பட்டினம் அலைமானியில் பதிவாகியிருக்கிறது. உயரம் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அதனால் ஊர் அதை நினைவில் வைக்கவில்லை. காகிதத்தில் மட்டும் இருந்தது.

நாலுவேதபதி

வேதாரண்யம் பக்கத்திலிருந்து. எங்கள் ஊரில் 2002-இல் ஒரே நாளில் 80,000-க்கும் மேற்பட்ட கன்றுகள் நட்டோம், பெரும்பாலும் சவுக்கு. அப்போது கின்னஸுக்காக என்று பேசிக்கொண்டார்கள். இரண்டே வருடத்தில் தண்ணீர் வந்தபோது அந்தத் தோப்பு வேகத்தை வாங்கிக்கொண்டது, எங்களுக்குச் சேதம் குறைவு. மரம் இருந்தால் போதும் என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், கரையிலிருந்து ஊர் தள்ளி இருந்ததும் ஒரு காரணம். 2018-இல் கஜா புயல் வந்து சவுக்கையும் தென்னையையும் சாய்த்துப்போட்டது. மறுபடி நட்டிருக்கிறோம்.

வயலைப் பற்றியும் எழுத வேண்டும். உப்பு ஏறிய நிலத்தில் இனி பத்து வருடம் ஒன்றும் விளையாது என்று பயமுறுத்தினார்கள். மேலே படிந்த சேற்றைச் சுரண்டி எடுத்து, ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். 2005 ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிய மழை மிச்சத்தைக் கழுவியது. அந்த மழையைச் சபித்த டவுன்காரர்கள் உண்டு. நாங்கள் கும்பிட்டோம்.

கீச்சாங்குப்பம் ரேவு

நான் 2012-ஐப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அதுதான் உதவும். ஏப்ரல் 11, மத்தியானம் 2 மணி தாண்டி சுமத்ரா பக்கம் 8.6 என்று செய்தி வந்தது. இந்தத் தடவை எச்சரிக்கை ஒழுங்காக வந்தது. ஹைதராபாத் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-இலிருந்து வேலை செய்கிறது, கலெக்டர் ஆபீசிலிருந்து தகவல், போலீஸ் மைக், டிவி எல்லாம் உடனே. தண்ணீர் வரவில்லை. தட்டுகள் பக்கவாட்டில் உரசியதால் கடலடி அவ்வளவாக உயரவில்லை என்று அப்புறம் விளக்கினார்கள்.

ஆனால் அன்று எங்கள் பாலத்தில் என்ன நடந்தது தெரியுமா? எல்லோரும் ஒரே நேரத்தில் பைக்கையும் ஆட்டோவையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். டவுனிலிருந்து பிள்ளைகளைத் தேடி இந்தப் பக்கம் வருகிறவர்கள் வேறு. நடுப்பாலத்தில் அடைத்துக்கொண்டு அசைய முடியவில்லை. நான் வயிற்றுப்பிள்ளைக்காரியாக அந்தக் கூட்டத்தில் நின்றேன். 2004-இல் என் பள்ளிக்கூடமே போனது, என்னோடு படித்த பிள்ளைகள் போனார்கள். பாலத்தில் நின்றபோது அவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

அன்று தண்ணீர் வந்திருந்தால் பாலத்திலேயே போயிருப்போம். நடந்து போக வேண்டும், வண்டி கூடாது. பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்களே கூட்டிப் போவார்கள், பெற்றோர் எதிர்த்திசையில் ஓடி வரக்கூடாது. டவுனுக்குப் போக முடியாவிட்டால் ஊருக்குள்ளேயே உறுதியான மாடிக் கட்டடம் எது என்று முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் நாட்டாரிடம் இதை எத்தனையோ தடவை பேசிவிட்டோம், சார் வந்து பேசினால் இன்னும் எடுபடும்.

கடுவையாறு (நாகப்பட்டினம்)

வருகிறேன் அம்மா. பஞ்சாயத்து கூடும் நாளைச் சொல்லுங்கள். அந்த எட்டாம் வகுப்புப் பையனையும் கூட்டி வருகிறேன், இந்தத் தடவை அவன் பேச வேண்டாம், கேட்கட்டும்.

அப்போது குழந்தைகளுக்கு நடந்தது பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே சுருக்கமாக. பெற்றோர் இல்லாமல் போன பிள்ளைகளுக்காக நாகையில் அன்னை சத்யா அரசு குழந்தைகள் இல்லம் தொடங்கியது. தஞ்சாவூரிலிருந்து அனுப்பப்பட்டு இங்கே கலெக்டராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன் அங்கே அடிக்கடி போவார், பிள்ளைகள் அவரை அப்பா என்றே கூப்பிட்டார்கள். அங்கே வளர்ந்தவர்கள் இன்று நர்ஸாக, ஆசிரியராக இருக்கிறார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், விருப்பம் இருந்தால் மட்டும் எழுதுங்கள். எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

நாகை பையன் 21

ஃபைபர் போட் அண்ணே, ஒரு கேள்வி. நான் இப்போதுதான் அப்பாவோடு கடலுக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். நாம் கடலில் இருக்கும்போது எச்சரிக்கை வந்தால் கரைக்கு ஓடிவர வேண்டுமா, வெளியே போக வேண்டுமா? அப்பா கரைக்குத்தான் என்கிறார். வீட்டில் அம்மாவும் தங்கையும் தனியாக இருப்பார்களாம்.

நம்பியார் நகர் ஃபைபர் போட்

தம்பி, வெளியே போ. ஆழமான பக்கம். கரையிலும் முகத்துவாரத்திலும்தான் தண்ணீர் ஆளைக் கொல்கிறது, ஆழத்தில் ஒன்றும் செய்யாது. எச்சரிக்கை வந்த நேரத்தில் கரையை ஒட்டி ஐந்து நிமிடத் தூரத்தில் இருந்தால் அது வேறு, போட்டைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடு, போட்டைக் கட்ட நிற்காதே. மற்றபடி டீசல் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக, குடிதண்ணீர் ஒரு கேன் கூடுதலாக. ரேடியோவை அணைக்காதே. ஆபத்து நீங்கியது என்று அதிகாரிகள் சொன்ன பிறகும் துறைமுக வாயில் உடைந்த மரமும் வலையும் மிதக்கும், புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும், பகல் வெளிச்சத்தில்தான் உள்ளே வர வேண்டும்.

அம்மாவையும் தங்கையையும் பற்றி அப்பா கவலைப்படுவது நியாயம். என் போட்டிலும் அதே சண்டைதான் நடந்தது. நீங்கள் போட்டைத் திருப்பினாலும் அலைக்கு முன்னால் அவர்களிடம் போய்ச் சேர முடியாது. ஆகவே நீங்கள் இல்லாதபோது அவர்கள் யாரோடு, எந்த வழியில் போவார்கள் என்று இன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். கீச்சாங்குப்பம் தங்கச்சி எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டு. அப்படியும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என்னிடம் பேசச் சொல், நான் சொல்கிறேன்.